கிளியூரில் கிளி இல்லை

ஏழு கடல் கிடையாது.
இருபது கொண்டை ஊசி வளைவு.
ஏறி முடிப்பதற்குள் ஜெனரேட்டர் வண்டிக்காரன்
இரண்டு முறை வாந்தி எடுத்தான்.
ஏழு மலைக்கு இந்த ஒரு ஏற்காடு போதும் என்றார் டைரக்டர்.
மிச்ச ஆறைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வார்களாம்.

கதை தெரிந்ததுதான்.
அரக்கன் தூக்கிப்போன ராஜகுமாரி,
கிளிக்குள் ஒளித்துவைத்த உயிர்.
இந்தப் படத்தில் மட்டும்
அவளை மீட்க எவனும் வரமாட்டான்.
இடைவேளைக்கு முன்பே இளவரசனின் தலை
காப்பிச் செடிகளுக்குள் உருண்டுவிடுகிறது.
ரப்பர் தலை.
மதியம் அதன்மேல் யாரோ மோர் டம்ளரை வைத்திருந்தார்கள்.

பிறகு அவளே வாள் எடுக்கிறாள்.
மிளகுக்கொடி சுற்றிய சில்வர் ஓக் மரங்களுக்கிடையே
நாற்பத்திரண்டு பேர்,
மூன்று ராத்திரி,
பதினெட்டு கேன் ரத்தம்.
வெட்டியதெல்லாம் வியாசர்பாடி ரோஸ்லின்.
முகம் தெரிகிற நேரத்துக்குக் கதாநாயகி வருவாள்,
குடைக்குக் கீழே,
ரோஸ்லினின் வலது முழங்கையில் இருக்கும் காயத்தைப் பார்த்து
தன் முழங்கையில் வரைந்துகொண்டு.

அரக்கன் பெயர் குணாளன்.
ஆறடி மூன்றங்குலம், ஐம்பத்தொரு வயது.
கொம்பைக் கழற்றினால் ஒட்ட ஒரு மணி நேரமாகும் என்று
கொம்போடேதான் சாப்பிடுவார், கொம்போடேதான் ஒதுங்குவார்.
'சுகர் இருக்கு தம்பி, டீயில சீனி வேணாம்.'

நான் லீ பஜாரில் மூட்டை தூக்குகிறவன்.
சரக்கு இறங்காத மாதம்.
நாளுக்கு எழுநூறு, சாப்பாடு உண்டு,
கறுப்பு பனியன் போட்டுக்கொண்டு
எட்டு பேரில் ஒருவனாகக் கம்பி இழுக்கவேண்டும்.
படத்தில் கம்பியை அழித்துவிடுவார்கள்.
கம்பி பிடித்த கைகளையும்.

கடைசிச் சண்டை கிளியூர் அருவிக்கு மேலே.
நிஜக் கிளியைத் தொட்டால் கேஸ்.
அதனால் குச்சி முனையில் ஒரு பச்சை டென்னிஸ் பந்து.
ரோஸ்லின் அதன் கழுத்தைத் திருகவேண்டும்,
இல்லாத கழுத்தை.
திருகத் திருக
குணாளன் விலாவைப் பிடித்துக்கொண்டு
பின்னால் போய்ப் போய்
பாறை விளிம்பு தாண்டி விழவேண்டும்.

'மெதுவாத் திருகுங்க,
இரக்கமே இருக்கக்கூடாது.'
பந்துதானே, என்றாள் ரோஸ்லின்.

எனக்குத்தான் பந்து இல்லை என்று தெரியும்.

அன்று காலை பழைய கொக்கி தொலைந்துபோக
மேனேஜர் நூற்றைம்பது ரூபாயும் பைக்கும் கொடுத்து
என்னைத்தான் கீழே அனுப்பினார்.
கடைப்பையன் கேட்டான்: 'மாட்டுக் கொட்டாய்க்கா?'
ஆமாம் என்றேன்.
முப்பது ரூபாய் மிச்சம், திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அரக்கனின் உயிர்
கிளியில் இல்லை, குகையில் இல்லை,
அவர் முதுகுக்குப் பின்னால்
நூற்றிருபது ரூபாயாகத் தொங்குகிறது.

ஆறு டேக் ஓடியது.
ஆறு முறையும் செத்தார்,
ஆறு முறையும் தூக்கினோம்.
ஏழாவதில் பனி ஏறிவிட்டது.
அவர் விழுந்ததும் கம்பி வழியாக
என் உள்ளங்கைக்கு ஏதோ வந்தது.
மூட்டை தூக்குகிறவனுக்குத் தெரியும்,
சாக்கு கிழிவதற்கு முன்பு
தோளுக்கு ஒரு சேதி வரும்.

மேலே இழுத்தோம்.
ஒரு கொம்பு அருவியோடு போயிருந்தது.
கொக்கியின் வாய்
நெல் நுழையுமளவுக்குத் திறந்திருந்தது.

'ஒன்மோர்,' என்றது மைக்.

கழற்றித் துடைப்பதுபோலத் துடைத்தேன்.
விளிம்புக்குப் போய்க் கையை விரித்தேன்.
விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.
'கை நழுவிடுச்சு சார்.'

மேனேஜர் என் அம்மாவைப் பற்றிச் சொன்னதை
இங்கே எழுதவில்லை.
சென்னையிலிருந்து வேறு கொக்கி வர இரண்டு நாள்,
எட்டு பேருக்கும் பேட்டா கட்.
பனியன்காரர்கள் யாரும் என்னோடு பேசவில்லை.
ரோஸ்லின் மட்டும் பந்தைத் தூக்கி என்னிடம் போட்டாள்.
பிடித்தேன்.

இறங்குகிற வேனில்
குணாளன் என் பக்கத்து சீட்.
மிஞ்சிய ஒற்றைக் கொம்பு மடியில்,
வாய் திறந்து தூங்குகிறார்.
கீழே சேலம் முழுக்க விளக்கு.
பதினாலாவது வளைவில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது.
என் கை தானாகப் போய்
அவர் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டது.