அவ்வப்போது

பள்ளிக்கு மொத்தம் ஆறே டேப்லெட்.
ஒன்றின் முகத்தில் விரிசல்.
எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல்.
அதனால் முதல் பாடவேளையில் ஒருவர் போட்ட கோட்டில்தான்
மூன்றாம் பாடவேளைக்காரர் கண்விழிப்பார்.

எட்டரைக்கு என் கணிதம்.
போவோப்போ ஏரியைப் பல்கோணமாக வரையுங்கள் என்றேன்.
கரை நெடுக விரல்கள் ஊர்ந்தன.
நூற்றுப் பன்னிரண்டு முனைகள் வைத்தான் நெமேசியோ.
ஏழோடு முடித்துக்கொண்டாள் ஸெனோபியா.
பரப்பளவில் அப்படியொன்றும் பெரிய வித்தியாசமில்லை,
எனக்குத்தான் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று.
ஆயிரத்துச் சொச்சம் சதுரக் கிலோமீட்டர்
என்று கூட்டிச் சொன்னது செயலி.
ஜன்னலுக்கு வெளியே
ஒரு சொட்டு இல்லை.

வரைபடத்தில் மட்டும் இன்னும் நீலம்.

என் பல்கோணங்களை அழிக்காமல்
அதன்மேலேயே வரலாறு நடத்தினார் கிரிசோலோகோ.
ஆண்டுவாரியாகச் செயற்கைக்கோள் படங்கள்,
வெங்காயத் தோல்போல் உரிக்க உரிக்க
ஏரி பெருத்துக்கொண்டே போனது.
எண்பத்தாறாம் ஆண்டுத் தோலில்
பள்ளிக் கழிப்பறைச் சுவர்வரை வந்து நின்றது தண்ணீர்.
பிள்ளைகள் சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை. அந்த வெள்ளத்தில்
கரைந்துபோன மண்வீடுகளில் ஒன்று அவருடையது.

பூநாரை கண்ட இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள்,
இது அறிவியல்.
எட்டு வகுப்புக்கும் சேர்த்து நான்கு புள்ளி.
ஒன்று பிளாஸ்டிக் பை என்று பின்னால் தெரிந்தது.

மொழி வகுப்பில் ஒரு பயணம் எழுதச் சொன்னார்களாம்,
வழியையும் குறிக்க வேண்டுமாம்.
பாதிப் பேர் பேருந்தேறி ஒரூரோவுக்குப் போய்
கோழிப் பொரியல் தின்று திரும்பினார்கள்.
ஸெனோபியா மாவ்ரீசியோ
பதினேழு ஊசிகளை நீலத்துக்குள் குத்தியிருந்தாள்.
அவள் அப்பா வலை விரித்த இடங்கள்.
காற்று திரும்புமிடம்.
முட்டைநாணல்.
கடன் அடைந்த இடம்.
அண்ணன் வாந்தி எடுத்த இடம்.
அப்பா இப்போது கொல்சானியில் உப்பு வாருகிறார்.
ஞாயிறுதோறும் தொலைபேசியில்
இன்னும் கொஞ்சம் வடக்கே, இன்னும் கொஞ்சம் என்று
அவர் சொல்லச் சொல்ல
நகர்த்தி நகர்த்தி வைத்தாளாம்.

வெள்ளிக்கிழமை
பல்கோணத்துக்குள் நடந்தே போனோம்.
உப்புப் பொருக்கு காலடியில் அப்பளமாய் நொறுங்கியது.
கைபேசியில் எங்கள் புள்ளி
நட்டநடு ஏரியில் நின்றது.
'டீச்சர், நாம மூழ்கிட்டோம்'
என்றான் நெமேசியோ.

அங்கேயே நின்று பேச்சு எழுந்தது.
யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம்தானே,
நீலத்தை எடுத்துவிடலாமா?
முதலில் கை தூக்கியவள் நான்.
தப்பான விடையைச் சிவப்பில் அடிப்பதுதானே என் பிழைப்பு.
ஸெனோபியா சுற்றும்முற்றும் பார்த்தாள்.
'நீலத்தை எடுத்துட்டா
என் ஊசியெல்லாம் எது மேல நிக்கும்?'

சிவப்புப் பேனாவுக்கு அதற்குப் பதில் தெரியாது.

பட்டியலைத் துழாவினோம்.
ஏரி. குளம். சதுப்பு. உப்புத்தரை.
எல்லாவற்றுக்கும் அடியில், யாரும் தொடாத மாதிரி,
ஒரு சின்னக் கட்டம்:
அவ்வப்போது.
தொட்டோம்.
நீலம் போகவில்லை.
விளிம்பு மட்டும் உடைந்து
பிரித்த தையலைப்போல் விட்டுவிட்டு ஓடியது.

பிப்ரவரியில் மழை.
பெரிதாக ஒன்றுமில்லை, கணுக்கால் தண்ணீர்,
அதுவும் ஒரு மூலையில்.
'கணக்கு தப்பாயிடுச்சு டீச்சர்!'
சேற்றுக்காலோடு வகுப்புக்குள் ஓடிவந்தான் நெமேசியோ.
முப்பது மதிப்பெண்ணை முழுசாக வாங்கியவன்போல் அப்படியொரு சிரிப்பு.

விரிசல் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போனோம்.
நாலு சதவீதம் சார்ஜ்.
அதற்குள் எவ்வளவு கரை வரையலாமோ
அவ்வளவு வரைந்தோம்.