கடலுக்கு மேற்கு

தேவகோட்டை சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் என் மேசை.
பத்திரம் பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
மனு முப்பது.
அழுதுகொண்டே சொல்பவர்களுக்கு இருபத்தைந்து.

புது மாவட்டம் வரப்போகிறதென்று
பேச்சு கிளம்பிய வாரம்.
காலையில் இரும்புக்கடை சாத்தப்பன் வந்தார்,
கூடவே வர்த்தகர் சங்கத்து ஆறு பேர்.
"எழுதம்மா.
தொண்டியை எங்களோட சேக்க வேணாம்.
அது வேற ஊரு, வேற காத்து.
அங்க பேசுற தமிழ்ல
கால்வாசி அரபு, கொஞ்சம் மலாய்,
மிச்சமெல்லாம் மீனு."
கடைசி வரியை நான் எழுதவில்லை.

மத்தியானம் தொண்டிக்காரர்கள்.
பாத்திரக்கடை ஹபீப் லெப்பை,
விசைப்படகு சந்தியாகு,
இருவருக்கும் நடுவில் எந்தப் பக்கமும் சாயாமல்
தையல் மெஷின் பழுது பார்க்கும் கருமலையான்.
"எழுதுங்க.
வீடு பெருத்த ஊருக்காரங்களோட
எங்களச் சேக்க வேணாம்.
பூட்டுன வீட்டுக்கு வெள்ளையடிக்க
வருசத்துக்கு ஒருக்கா வர்றவுகளுக்கு
விடியுமுன்ன கடலுக்குப் போறவன் பாடு
என்ன தெரியும்?"

இரண்டு மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
'எங்கள் மரபும் வாழ்க்கைமுறையும்
தனித்தன்மை வாய்ந்தவை என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.'
இரண்டிலும் மூன்றாம் பத்தி.
அது என் வாக்கியம்.
என்றைக்கோ ஒரு சாக்கடைத் தகராறுக்காக எழுதியது,
இன்னும் உழைக்கிறது.

சாத்தப்பன் வீட்டு உத்தரத்துத் தேக்கு
எந்தத் துறையில் இறங்கியதென்று நான் கேட்கவில்லை.
ஹபீப் லெப்பையின் பாட்டனார்
கப்பலேற வாங்கிய கடனின் கைச்சாத்து
எந்த வீட்டு இரும்புப் பெட்டியில் கிடக்கிறதென்றும்
கேட்கவில்லை.
முப்பது ரூபாயில் கேள்வி சேர்த்தியில்லை.

நாலு மணிக்கு ஜெசிந்தா வந்தாள்,
தொண்டி பஸ்ஸில் நின்றபடியே வந்த களைப்போடு.
பதிவு அவள் பக்கத்து ஆபீசில்தான்,
ஆனால் அங்கே எழுதுகிறவருக்குக் கண் ஆபரேஷன்.
மூன்று சென்ட்.
அண்ணன் தங்கைக்கு எழுதித் தருகிற இடம்.
நாலு மால் சொல்லு என்றேன்.

"வடக்க பள்ளிவாசல் தென்னந்தோப்பு.
தெக்க மாரியாத்தா கோயில் பொட்டல்.
மேக்க ஒங்கூரு ஏகப்ப செட்டியாரு தரிசு.
ஆளு யாருன்னு தெரியாது,
வரி மட்டும் ஒழுங்கா வருதாம்."
கிழக்கே?
"கிழக்க என்ன, கடல்தான்."

தோப்புக்குத் தெற்கு,
பொட்டலுக்கு வடக்கு,
ஏகப்ப செட்டியார் தரிசுக்குக் கிழக்கு,
கடலுக்கு மேற்கு,
இந்நான்கு மாலுக்குள்பட்ட…
என்று அடித்தபோது விரல் நின்றது.
இருபது வருஷமாக அடிக்கிறேன்,
ஒருநாளும் தோன்றியதில்லை:
இடத்தைச் சொல்லவே மாட்டோம் நாங்கள்.
அக்கம்பக்கத்தைச் சொல்வோம்,
நடுவில் மிஞ்சுவதுதான் இடம்.

கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் ஆகாது.
கிழக்கு மால் உடைமையாளர் பெயர்?
தகப்பனார் பெயர்?
சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்கள்,
காலியாக விட முடியாது.
ஜெசிந்தா சிரித்தாள்.
"அதுக்கு அப்பன் பேரு கேட்டா
நா எங்க போவேன்?"

'அரசு' என்று அடித்தேன்.
தகப்பனார் கட்டத்தில் ஒரு கோடு.
இயந்திரம் ஒத்துக்கொண்டது.
பொய்யென்று எனக்குத் தெரியும்,
கடலுக்கும் தெரிந்திருக்கும்.

பாக்கிப் பணத்துக்குப் பதிலாக
ஒரு பை நகரை மீனை மேசையில் வைத்துவிட்டு
கடைசி பஸ்ஸுக்கு ஓடினாள்.
பை மேசையைத் தொட்டதுமே
ஆபீஸ் சுவரிலிருந்து மூன்று பூனைகள் குதித்தன.
தொண்டி எந்த மாவட்டமென்று
அவற்றுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கவனிப்பதற்குள் மீன் தண்ணீர் கசிந்து
சாத்தப்பன் மனுவின் மூலை நனைந்திருந்தது.
திரும்ப அடிக்கலாம்.
அடிக்கவில்லை.
ஃபேன் காற்றில் காயவைத்து
அப்படியே மடித்து உறையில் போட்டேன்.

சிவகங்கையில் யாராவது பிரித்தால்
மணக்கும்,
அல்லது நாறும்,
அவரவர் மூக்குப்படி.