தரம் போதாத படம்

எர்சுரூமில் நான்காம் நாளாகப் பனி.
வான் ஏரிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து
படங்கள் மட்டும் வந்து சேர்கின்றன.

இன்றைக்கு முப்பத்தெட்டுக் கண்கள்.
ஆரஞ்சு வட்டத்துக்குள் கிளைக்கும் ரத்தக்குழாய்கள்.
சர்க்கரை. சர்க்கரை. ஒன்றுமில்லை. சர்க்கரை.
தேநீர் ஆறிவிட்டது.

கடைசியாக, மென்பொருள் கழித்துப்போட்ட கோப்பு:
'தரம் போதாது.'
அதில் ரிஃபாத் உஸுனர், லாரி ஓட்டுநர், இருபத்தொன்பது வயது.
இடக்கண். ஐந்து முறை எடுத்திருக்கிறாள்.
ஐந்திலும் வெந்நீர் ஓடிய குளியலறைக் கண்ணாடி.
கீழே ஸெலிஹாவின் குறிப்பு:
மன்னிக்கணும் டாக்டர், ஹீட்டர் ஓடல,
கை நடுங்கிடுச்சு.

நம்பியிருப்பேன்.
சும்மாதான் வலக்கண்ணைத் திறந்தேன்.
நரம்பின் விளிம்பு மயிரிழை பிசகாமல் நின்றது.
அதே கேமரா, அதே குளிர், அதே விரல்கள்.
ஒரு கண்ணுக்கு மட்டுமா நடுங்கும் கை?

"ஸெலிஹா, உன் கை நடுங்கலை. அவர் போயிட்டாரா?"
"சாலை அடைச்சிருக்கு. பெஞ்சில் படுத்திருக்கார்."
"எழுப்பி உட்கார வை. அரை மணி நேரம்.
அப்புறம் கண்ணை முன்னாலிருந்து எடு, மொபைல் போதும்."

அரை மணி நேரம்
தெருவில் பனி அள்ளும் வண்டி
ஒரே இடத்தில் முன்னும் பின்னும் போனது.

படம் வந்தது.
சிவப்பில்லை. வீக்கமில்லை.
பழுப்பு வளையத்தின் அடியில்
மட்டம் வைத்து இழுத்த ஒரு வெள்ளைக் கோடு.
படுத்தால் கலைந்துவிடும், உட்கார்ந்தால் படியும்,
கிருமியில்லாத சீழ்;
உடம்பு தன் வீட்டுக்கே அனுப்பிய படை.
கோட்டுக்கு மேலே, கண்ணின் பளபளப்பில்,
ஜன்னலும், முழங்கை விரித்து நிற்கும்
எறும்பளவு ஸெலிஹாவும்.

"வாயில் புண் வருமான்னு கேளு."
தூரத்தில் யாரோ சிரித்தார்கள்.
"மாசாமாசம் வருமாம். சூரியகாந்தி விதை உப்புன்னு நினைச்சாராம்.
கண்ணுக்குத்தானே வந்தேன், வாயை ஏன் கேக்கறீங்கன்னு கேக்கறார்."

பெஹ்செட்டாக இருக்கலாம் என்றேன்.
இங்கே அது பிள்ளைகளுக்கு வைக்கும் பெயரும்கூட.
அவருடைய மாமாவுக்கும் அதே பெயராம்,
அவரும் தொல்லைதானாம்.

ஆனால் படம் பாதிதான் சொல்லும்.
மீதிக்கு அவரே வரவேண்டும், இந்த வாரமே.
"சாலை திறந்ததும் நானே ஓட்டிட்டு வரேன்."
"ஓட்டக் கூடாது."
போனில் ஒரு நீண்ட அமைதி.
அவர் வேறெதையும் ஓட்டியதில்லை போலும்,
வேறெதையும் செய்ததுமில்லை.

கோப்பில் இன்னும் பதினொன்று,
தரம் போதாதவை.
மறுபடி தேநீர் வைத்தேன்.