நீல மூலை

ருஸ்தாவியில் மாமுகாவுக்கு மூன்று சுற்றுதான்.
பனியன், தலைக்கவசம், புள்ளி எண்ண ஐந்து பேர்.
இருபது வயதில் வெள்ளிப் பதக்கம்;
நகராட்சி பரிசளித்தது ஒரு சலவை இயந்திரம்.
துணி பிழியும்போது அது
சமையலறையைக் கடந்து நடந்து வரும்.

பிறகு பனியனைக் கழற்றச் சொன்னார்கள்.
கையுறை மெலிந்தது. சுற்று எட்டானது.
நான்கு ஜெயம்.
ஐந்தாவது, மாக்டெபுர்கில்,
உள்ளூர்ப் பையன், அறுநூறு டிக்கெட் விற்றவன்.
மாமுகா அவனை இரண்டு தடவை சாய்த்தான்.
நடுவர் தூக்கியது பையனின் கையை.

யாரும் பேரம் பேசவில்லை.
தொலைபேசி மட்டும் அடிக்கடி வந்தது:
வியாழன் வா, எடை எழுபத்திரண்டு,
ஆயிரத்து இருநூறு யூரோ.

முப்பத்தொரு தோல்வி. தரையில் விழுந்ததே இல்லை.
அடி கிளம்புமுன் அவனுக்குத் தெரியும்.
புருவத்தை மட்டும் காப்பான்:
தையல் என்றால் முப்பது நாள் தடை,
வாடகைக்குத் தடை கிடையாது.

அக்டோபரில், எஸ்ஸெனில், கடைசிச் சுற்று.
எதிராளியின் இடது கை தாழ்ந்தது;
தாடை, கதவு திறந்த வீடு மாதிரி.
மாமுகா யோசிக்கவில்லை.
யோசித்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பான்.
பத்து எண்ணி முடித்தும் அந்தப் பையன் எழவில்லை.

ஐந்து மாதமாகத் தொலைபேசி இல்லை.
இயந்திரம் துணி பிழிகிறது.
அது நகராதிருக்க
மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறான்,
எடை எழுபத்தொன்பது.