மண் மாதிரி

வெக்ஸ்ஃபோர்டில் மழை நிற்பதில்லை, இடைவேளை விடும்.
அப்படியோர் இடைவேளையில்
கோல்மன் சின்னாட்டின் புல்வெளிக்குள் இறங்கினேன்.
துளைக்கருவியைத் திருகி, இழுத்து,
ஒரு முழம் மண்ணைப் பையில் போட்டு எண் எழுதினால்
அது மண் மாதிரி.
அலுவலகக் கணினியில் ஆறு வருஷமாக நான் கட்டிவருவதும்
மண் மாதிரிதான்.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை.
நடுவில் நான் தரகர்.

கணினி மண்ணில் சேறு கிடையாது.
மழை ஓர் எண். மண்புழு ஒரு கெழு.
யூரியா போட்ட நாலாம் நாள் கொஞ்சம்
அம்மோனியாவாகி நெடியோடு கிளம்பிவிடும்;
சாணக்குழம்பு கஞ்சன், தழைச்சத்தைத்
தவணை முறையில்தான் தரும்.
புல் தின்றது போக மிச்சம்
நைட்ரேட்டாய் நழுவி, நிலத்தடியில் நடந்து,
ஸ்லேனி ஆற்றின் முகத்துவாரத்தில்
பச்சைப் பாசியாகக் கரையேறும்.
வரவு, செலவு, இருப்பு.
என் வளைகோடு அதுவரை பொய் சொன்னதில்லை.

நவம்பரில்
நான்காம் கிண்ணத்தில் கணக்கு உதைத்தது.
ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்த பீங்கான் கிண்ணம்;
சொட்டுச் சொட்டாய் அது உறிஞ்சி வைத்த நீரில்
நான் சொன்னதைப்போல் ஒன்பது மடங்கு நைட்ரேட்.
குப்பியைச் சந்தேகப்பட்டேன். பிறகு ஆய்வகத்தை.
மண்ணில் வெடிப்பு என்றேன், எலி வளை என்றேன்.
மூன்று வாரம் கெழுக்களை முறுக்கியதில்
ஒழுங்காயிருந்த பதினொரு கிண்ணமும் கெட்டதுதான் மிச்சம்.

பால் கறக்கும் கொட்டகையில், குழாயைக் கழுவிக்கொண்டே,
கோல்மன் தரையைப் பார்த்துச் சொன்னார்:
"மார்ச் ஒன்பது. பெர்த்திலிருந்து போன்.
தம்பி டெக்லன். சாரம் சரிந்து.
டிராக்டரை நிறுத்தினேன், உரத்தூவியை நிறுத்தவில்லை.
மண் மாதிரி உட்கார்ந்திருந்தேன்."
எவ்வளவு நேரம்?
"ரேடியோவில் செய்தி முடிந்து
வானிலையும் முடிந்திருந்தது."

ஏழு நிமிடம் என்று எடுத்துக்கொண்டேன்.
அந்த வட்டத்தில் புல் முதலில் கருகியதாம்,
பிறகு கறுக்கக் கறுக்கத் தழைத்ததாம்,
பசுக்கள் வாய் வைக்கவில்லையாம்.

இரவே ஏற்றினேன்: நாள், இடம், கிலோ.
வளைகோடு எழுந்துபோய் அந்தப் புள்ளியைத் தொட்டது.
காரணம் என்ற கட்டத்தில்
சுட்டி துடித்துக்கொண்டே இருந்தது.
காலியாகவே விட்டேன்.

மறுநாள் குப்பிப் பெட்டியை வண்டியில் ஏற்றக் கைகொடுத்தார்.
கதவைச் சாத்துமுன் கேட்டார்:
"இதற்கு அபராதம் உண்டா?"

தெரியாது என்றேன்.
உண்மையாகவே தெரியாது.