காவலுக்கு மூவர்

ஓன் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி போடப் போவேன்.
தண்ணி கொதித்து, சாயம் இறங்கி,
நான் பாதி குடித்த பிறகும்
திரையில் அந்தச் சின்ன வட்டம்
சுற்றிக்கொண்டே நிற்கும்,
எத்தனையாவது சுற்று என்பதை மறந்துவிட்டு
கோயில் வீதியில் நடக்கிறவரைப் போல.

டண்டினோங்கில், கழித்த சாமான்களை
வீட்டு வாசலில் வைக்கிற கிழமை ஒன்றில்
சாந்தரூபன் தூக்கி வந்த பெட்டி.
பக்கத்தில் கிழிந்த மெத்தையும் அரைச் சைக்கிளும் கிடந்ததாம்.
"உள்ளுக்கு எல்லாம் நல்லாக் கிடக்கு" என்றான்,
மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்தவன் மாதிரி.

முதலாவது காவல்காரனை ஏற்றியது அவன்தான்.
சும்மா தருகிறார்கள், வேண்டாம் என்பாயா?
இரண்டாமவன் பிரின்டரின் பின்னால் வந்தவன்.
ஒரு சின்னச் சதுரத்தில்
யாரோ முன்பே சரி போட்டு வைத்திருந்தார்கள்.
மூன்றாமவன் என் பிழை.
ஒரு பின்னேரம் சிவப்பாய் ஒரு பெட்டி குதித்து
உங்கள் கணினியில் நானூற்றுப் பன்னிரண்டு ஆபத்துகள் என்றது.
நானூற்றுப் பன்னிரண்டு!
நாட்டை விட்டு வெளிக்கிட்ட இரவில்கூட
நான் அவ்வளவு எண்ணவில்லை.

அதன் பிறகு
ஒருவன் திறந்த கோப்பை மற்றவன் திறந்து பார்ப்பான்,
அவன் பார்த்ததை மூன்றாமவன் மோந்து பார்ப்பான்.
விசிறி
நாற்பத்தொரு பாகை வெயிலில்
கடைசி ரயிலுக்கு ஓடுகிறவனைப் போல இரைத்தது.
சனிக்கிழமைகளில் நான் ரோல்ஸும் கொழுக்கட்டையும் விற்கிறேன்.
ஒரே ஒரு பில் அடிக்க நாற்பது நிமிடம்.
இரவில் வேறு மணியடித்து எழுப்புவார்கள்:
காசு கட்டினால் இன்னும் நன்றாகக் காப்போம்.

போன வியாழன் மா குழைத்து மூடிவிட்டு
கை துடைத்து, கதிரையை இழுத்துப் போட்டேன்.
இன்றைக்கு இரண்டு பேர் போகவேண்டும்.
எந்த இரண்டு?
சத்தம் போடுகிறவன் போகட்டும்.
கிரெடிட் கார்ட் கேட்கிறவன் போகட்டும்.
மிஞ்சினவனின் நிபந்தனைகளை முதன்முறை வாசித்தேன்.
நான் போகிற வருகிற இடமெல்லாம்
யாருக்கோ எழுதி அனுப்புகிறானாம்.
நீயும் போ.

ஒவ்வொருவனும் வாசலில் நின்று கேட்டான்:
உண்மையாகவே அகற்றவா? காரணம் என்ன?
கீழே ஐந்து காரணங்கள்.
என்னுடையது அதில் இல்லை.

மூவரும் போன பிறகுதான் தெரிந்தது,
பெட்டியோடு கூடப் பிறந்த ஒருவன்
மூலையில் இவ்வளவு காலமும் வாய் மூடிக் கிடந்திருக்கிறான்.
எழும்பினான். கேட்டது ஒன்றுதான்:
ஒரு வருடமாய் நான் "பிறகு, பிறகு" என்று தள்ளிய அப்டேட்.

அது இறங்குகிற நேரத்தில்
ரோல்ஸுக்கு முட்டை பூசும் தூரிகையில் புதிதொன்றை எடுத்து
விசிறியின் தூசைத் தட்டினேன். ஒரு பூனை அளவு வந்தது.
காலையில் தானாய் எழும்புகிறவர்களின் பட்டியலில் பதினேழு பேர்.
எப்போதோ செத்துப்போன பிரின்டரும் அதில்,
தினமும் எழும்பி மை கேட்டபடி.
படுக்க வைத்தேன்.

மூன்றாமவனை அனுப்பும் முன்
அவன் பிடித்து அடைத்தவர்களின் பட்டியலையும் திறந்திருந்தேன்.
நானூற்றிச் சொச்சமும் வெறும் குப்பை.
இடையில் ஒன்று:
வெளியிட்டவர் தெரியாது. அடையாளம் உறுதி இல்லை.
என் தமிழ் எழுத்துப் பலகை.

பதினொரு மாதம்
நான்தான் எதையோ உடைத்துவிட்டேன் என்று நினைத்து
ஓடர்களை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டிருந்தேன்.
விடுவி என்பதை அழுத்தினேன்.
ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.
அடித்துப் பார்த்தேன்:
எமல்டா அன்ரி, மட்டன் ரோல்ஸ் அறுபது, உறைப்புக் குறைய.
ழகரம் சரியாக விழுகிறதா என்று
கொழுக்கட்டையும் ஒரு தடவை.

பெட்டியில் சத்தமே இல்லை.
செத்துவிட்டதோ என்று கை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு.

ஞாயிற்றுக்கிழமை சாந்தரூபன் வந்து
தட்டின உடனே திறக்கிறதைக் கண்டு
கண்ணைச் சுருக்கினான்.
"புதுசா என்ன போட்டனீ?"
"ஒண்டும் போடேல்லை. கழட்டினனான்."
அவன் நம்பவில்லை.
இரண்டாவது ரோல்ஸைக் கடித்தபடி
ஒவ்வொரு ஐகனாகத் தேடிக்கொண்டிருக்கிறான்.