மூன்றாவது கயிறு

ரப்பர் ஷீட் காயப்போடும் மூன்றாவது கயிற்றில்
ஏதோ தூசி தொங்குகிறதென்று
கையை நீட்டினேன்.
தூசிக்குள்ளிருந்து ஒரு கண் பார்த்தது.

சிலந்தி நூல், புழுக்கழிவு,
அயினிப் பட்டையின் செதில்,
போன கிறிஸ்துமஸ் ஸ்டாரிலிருந்து ஒரு துண்டு ஜிகினா,
சிரட்டை விளிம்பில் உறைந்துபோன
ஒட்டுப்பால் இழை ஒன்று.
இவ்வளவும் சுமந்து
வாசலுக்குமேல் சின்னதாய் ஒரு சாய்ப்பும் இறக்கியிருந்தாள்,
அருமனை மழையைத் தெரிந்தவள்.

அவன் ஒரு நார்கூடக் கொண்டுவரவில்லை.
விடிந்ததும் எங்கள் பைக்கின் கண்ணாடியில்
இன்னொரு தேன்சிட்டோடு சண்டை.
இவன் கொத்த அவனும் கொத்த
உச்சிவரை இருவருக்கும் தோல்வியில்லை.
வென்சிலாஸ் பழைய சாக்ஸை மாட்டிவிட்டார்.
மற்ற கண்ணாடிக்குப் போனான்.
அதற்கும் மாட்டினோம்,
ஒன்று நீலம், ஒன்று பள்ளிக்கூட வெள்ளை.

முட்டை இரண்டு.
சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
முதலில் நான் எட்டடி தள்ளி வரும்போதே பறந்தாள்.
பிறகு மூன்றடி.
பிறகு வெறுமனே அலகை வெளியே நீட்டி
என் வேலையை மேற்பார்வை பார்த்தாள்.

மூன்றாவது கயிறு இல்லாமல்
மாட்டுக்கொட்டகையில் போட்டதில்
நாலு ஷீட்டில் பூசணம்.
கடையில் ஷிபு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
கிலோவுக்கு ஒன்பது ரூபாய் குறைத்தான்.
காரணம் சொன்னால் சிரிப்பான்.
சொல்லவில்லை.

பதினோராம் நாள்
நாங்கள் பால் எடுக்கப் போயிருந்த நேரத்தில்
செம்போத்து வந்திருக்கிறது.
கூட்டின் வயிறு கிழிந்து,
கீழே ஓட்டின் ஒரு சில்லு.
எறும்புகள் எங்களுக்கு முன்பே வந்துவிட்டன.
அன்று முழுக்க
அவள் பப்பாளியில் இருந்து கத்தினாள்.
அவனும் கத்தினான்;
கண்ணாடிப் பக்கம் வரவில்லை.

அதை அறுத்துப் போட்டுவிட
மறுநாள் காலை கத்தியோடு போனேன்.
அவள் எனக்கு முன்னால் அங்கே.
கிழிசலின் முன் காற்றில் நின்று
ஒரு நூலை உருவினாள்.
போனாள்.
வந்தாள். இன்னொரு நூல்.
ஜிகினாவை எடுத்துப் பார்த்து
வேண்டாமென்று கீழே போட்டாள்.
ஒட்டுப்பால் இழை லேசில் வரவில்லை;
காலை ஊன்றி இழுத்தாள்,
நீண்டது, சுருங்கியது,
கடைசியில் அவளோடு போயிற்று
பக்கத்து வீட்டு கேபிள் வயர்ப் பக்கமாக.

"இனி அந்தக் கயித்துல ஷீட்டு போடலாமே"
என்கிறார் வென்சிலாஸ்.
போடலாம்.
அவள் இன்னும் உருவி முடிக்கவில்லை.